இடது பக்கம் கம்மி

கூரத்திலிருந்து அந்தப் பெட்டி வந்த அன்று மழை. பஞ்சாட்சரம் அதைக் கோணியில் சுற்றி, கோணிக்கு மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் தொப்பலாக நனைந்திருந்தார். பெட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"எம் பொண்ணக்கூட இப்டித் தூக்கினதில்ல பாய். அது இப்பவும் சொல்லிக் காட்டுது."

ஜுனைத் பாய் சிரித்துக்கொண்டே கோணியைப் பிரித்தார். கறுப்பு முகப்பு, அலுமினியக் குமிழ்கள், இரண்டு பக்கமும் மரப்பலகை. எழுபதுகளில் அமெரிக்காவில் செய்த பிரீஆம்ப். ரெக்கார்டு ஓடும்போது ஊசியிலிருந்து வருகிற நூலிழை போன்ற சத்தத்தை வாங்கி, அழுக்குச் சேராமல் வளர்த்து, பெரிய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது அதன் வேலை. பஞ்சாட்சரம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் வாங்கியது. இப்போது போட்டால் உர்ரென்று ஒரு இரைச்சல்தான் முதலில் வருகிறது. குமிழைத் திருகினால் கடுகு தாளிப்பதுபோல் வெடிக்கிறது.

"ரிப்பேர் பண்ணா மட்டும் போதாது. பழசுல இருந்தத விட நல்லா வரணும்," என்றார் பஞ்சாட்சரம். "உன் கை பட்டா வரும்னு ராணிப்பேட்டைல சொல்றாங்க."

"ராணிப்பேட்டைல சொல்றாங்க. எம் பொண்டாட்டி சொல்ல மாட்டேங்குறாளே."

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

நான் அந்த வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஒலிமுகமதுபேட்டை. வேலை ஒரகடத்தில், ஷிஃப்ட் கணக்கு. மனைவி ரேவதி இறந்த பிறகு பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தேன். வீடு பார்க்க வந்த அன்று பாயின் மனைவி சாய்மா அக்கா, "தனியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சமைப்பீங்களா?" இல்லை என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு கீழேயிருந்து வருகிறது.

கீழ் வீட்டின் முன்னறைதான் பாயின் பட்டறை. மேசை இடப்பக்கச் சுவரை ஒட்டிக் கிடக்கும். அந்தச் சுவருக்கு அடுத்த புறம் கோதண்டபாணியின் பட்டு முறுக்கும் மெஷின். பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை இழைகளை முறுக்கிக்கொண்டே இருக்கும். சுவரில் உள்ளங்கையை வைத்தால் கை நடுங்கும். பாய் கல்யாணமான வருடத்திலிருந்து அந்தச் சுவரோரம்தான் உட்கார்ந்து வேலை செய்கிறார். எனக்கு முதல் வாரம் மாடியிலேயே தலை வலித்தது. "அது சத்தம் இல்ல தம்பி, மழ மாதிரி," என்றார் பாய். "கொஞ்ச நாள்ல கேக்காது."

நான் அங்கே வருவதற்கு முந்தைய வருடம் சாய்மா அக்காவின் அம்மா ஆம்பூரில் மகன் வீட்டில் இறந்துபோனார். அதன் பிறகு அக்கா பாயோடு நேராகப் பேசுவதில்லை. நான் வந்த பிறகு அவர் பேச்சைப் பாயிடம் கொண்டு சேர்க்கிற வேலை என்னிடம் வந்துவிட்டது.

"தம்பி, உங்க பாய்கிட்ட சொல்லுங்க. சோறு ஆறுது."

பாய் பக்கத்தில்தான் இருப்பார். நான் திரும்பி, "சோறு ஆறுதாம் பாய்," என்பேன்.

"வர்றேன்னு சொல்லு."

"வர்றாராம் அக்கா."

"வர்றவரு கை கழுவிக்கினு வரச் சொல்லுங்க. நேத்து சோத்துல ஈயம் வாசன."

இதில் சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பாய் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அவருடைய அம்மா போன துக்கம்தான் இது என்று பாய் நம்பினார். "அவங்க அம்மி மேல உசுரு அவளுக்கு. ஆறட்டும். நாம ஒண்ணும் சொல்லக்கூடாது," என்று என்னிடம் பலமுறை சொன்னார். அவர் சொல்லாமல் இருக்க இருக்க அக்காவின் முகம் இறுகிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது எதிலும் தலையிடத் தோன்றவில்லை. பார்ப்பது மட்டும் முடிந்தது.

பிரீஆம்ப் வேலை ஐப்பசி முழுக்க ஓடியது. அந்த மாதம் எனக்கு இரவு ஷிஃப்ட். பகலில் தூக்கம் வராத நேரங்களில் பட்டறையில் போய் உட்காருவேன். பாய் பெட்டியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளேயிருந்த தூசியை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினார். ஒரு பல்லியின் எலும்புக்கூடு வந்தது. கண்டென்சர்களில் பாதி வீங்கி, அடியில் பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சூடு காட்டி உருவினார். போர்டில் செம்புக் கோடு உரிந்துவிடாமல் எடுக்க வேண்டும். உரிந்தால் அதற்கு மாற்று இல்லை. அந்த நேரத்தில் அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். நானும் அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரியும்.

கரன்ட் சப்ளை பகுதியை முழுவதும் புதிதாகச் செய்தார். தேய்ந்துபோன வால்யூம் கன்ட்ரோலை எடுத்துவிட்டு ஜப்பானிலிருந்து தருவித்த ஒன்றைப் போட்டார். பின்பக்கம் கறுத்துப்போன சாக்கெட்டுகளை மாற்றினார். மழையில் கரன்ட் அடிக்கடி போனது. போகும்போதெல்லாம் கோதண்டபாணியின் மெஷினும் நின்றுவிடும். திடீரென்று தெருவில் ஆட்டோ போவதும் குழாயில் குடம் வைப்பதும் தெளிவாகக் கேட்கும். பாய் மட்டும் அந்த நேரத்திலும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார்.

மழைக்கு அக்கா பருப்பும் கறியும் போட்டுத் தால்சா வைத்திருந்தார். இரண்டு தட்டுகளைப் பட்டறைக்கே கொண்டுவந்தார். மேசையின் இடப்பக்கம் நின்று பாயின் தட்டை வைத்துவிட்டு, மெதுவான குரலில், "எலும்பு பாத்து," என்றார். எனக்குக் கேட்டது. நேராகச் சொன்ன வார்த்தை. பாய் போர்டைவிட்டு நிமிரவே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, வர்ற வெள்ளிக்கெழம ஆம்பூர்லேர்ந்து எங்க பாய்ஜான் வர்றாரு. நான் வாலாஜாவுக்குப் போறேன். அம்மி வூடு பூட்டித்தான கெடக்குது, அங்க இருந்துக்கறேன். உங்க பாய்கிட்ட சொல்லிடுங்க."

"எப்ப வருவீங்க அக்கா?"

"அத அவரு கேக்கட்டும்."

சொன்னேன். பாய் கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார்.

"போறாளா? ஏன்?"

"தெரியல பாய்."

"நான் என்னா பண்ணேன்?"

அவர் உள்ளே போனார். ஏதோ கேட்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, தால்சாவில் கை வைத்து, அது ஆறிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு எடுத்துவைத்தார்.

செட் முடிந்ததும் ஒலி பார்த்தார். இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்று மெஷின் சுவர்ப் பக்கம், இன்னொன்று ஜன்னல் பக்கம். பாய் நடுவில் ஸ்டூலில். இரைச்சல் இல்லை. கச்சேரி ரெக்கார்டு ஒன்றைப் போட்டார். தம்புரா அறையிலேயே யாரோ மீட்டுவதுபோல் வந்தது. பாய் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு முகம் சுளித்தார்.

"இடது பக்கம் கம்மி."

மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்றது மீட்டர்.

"மீட்டர் கெடக்குது. மீட்டரா பாட்டு கேக்கப் போவுது? காதுதான கேக்குது." இடது சேனலில் ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் போட்டு அந்தப் பக்கத்தின் ஒலியை ஏற்றினார். திரும்பக் கேட்டார். முகம் தெளிந்தது. "இப்ப சரி. இப்ப பாடுறவரு நடுவுல வந்துட்டாரு."

எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று அப்போது நினைத்தேன். ரேவதி போனதிலிருந்து எல்லாமே எனக்கு ஒரே அளவில்தான் கேட்கிறது. அதனால் வாய் திறக்கவில்லை.

பஞ்சாட்சரம் வந்து வாங்கிப்போனார். அடுத்த சில நாட்களிலேயே, வியாழக்கிழமை சாயங்காலம், அதே கோணியில் அதே பெட்டியோடு வந்து நின்றார்.

"பாய், சத்தம் தேன் மாதிரி இருக்குது. கொற சொல்லல. ஆனா எம் பாடகரு எடம் மாறிட்டாரு."

"என்னா?"

"நாப்பது வருசமா நடுவுல உக்காந்து பாடினவரு. இப்ப இடது பக்கமாத் தள்ளி, மிருதங்கக்காரன் மடில உக்காந்துக்கினு பாடுறாரு. எம் பொண்டாட்டிகூட கேட்டா, என்னாங்க இவுங்களுக்குள்ள சண்டையான்னு."

பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க ரூம்பு அப்டி இருக்கும்."

"ரூம்பு அதேதான், நாற்காலி அதேதான், நானும் அதேதான்பா. நீ வச்ச கையிலதான் ஏதோ." பெட்டியை மேசையில் வைத்தார். "கோவிச்சுக்காத. பொறுமையாப் பாரு."

அவர் போன பிறகும் பாய் பெட்டியைத் தொடவில்லை. உள்ளே அக்கா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். முற்றத்தைத் தாண்டிப் போகும்போது பார்த்தேன்.

மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் செட்டின் முன்னால் உட்கார்ந்தார். நான் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். "இளவரசு, வா. கை வேணும்," என்று கூப்பிட்டார்.

முதலில் அவர் மாற்றிப் போட்ட ரெசிஸ்டரை எடுத்துவிட்டுப் பழையதைப் பற்றவைத்தார். இரண்டு சேனலையும் மீட்டரில் சமமாக்கினார். ரெக்கார்டை வைத்தார்.

"இடது கம்மிதான," என்றார்.

"எனக்குச் சமமாத்தான் கேக்குது பாய்."

"உனக்கு எதுதான் வித்தியாசமா கேட்டிருக்குது? மாத்திப் போடு."

அந்தத் தொழிலில் முதல் பாடம் அதுதான். எந்தப் பக்கம் கம்மியோ அந்தப் பக்கத்து ஒயரை மறுபக்கத்தோடு மாற்றிப் போட வேண்டும். குறை ஒயரோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. மாறாமல் அங்கேயே நின்றால் கோளாறு அதற்குப் பின்னால். ஒவ்வொரு கட்டமாக இப்படியே மாற்றிக்கொண்டு போனால் எங்கேயாவது அகப்படும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பாய் இதைச் சொல்லியிருக்கிறார். டியூப்லைட் எரியாவிட்டால் அக்காகூட அடுத்த அறைக் குழாயைக் கொண்டுவந்து மாற்றிப் போட்டுத்தான் பார்ப்பார்.

பிரீஆம்பின் பின்னால் இருந்த ஒயர்களை மாற்றினேன். குறை இடப்பக்கமே நின்றது. அப்படியானால் செட்டில் கோளாறு இல்லை. ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றினேன். இடப்பக்கமே. இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் தூக்கி இடம் மாற்றி வைத்தோம். ஜன்னல் பக்கத்துப் பெட்டி சுவருக்கு, சுவர்ப் பக்கத்துப் பெட்டி ஜன்னலுக்கு. எனக்கு வேர்த்துவிட்டது.

"கம்மி," என்றார் பாய். "அங்கதான். சுவத்துப் பக்கம்."

"மாத்தறதுக்கு இனிமே என்ன இருக்குது பாய்?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"சுவருதான். மெஷின் ஆடி ஆடிச் செங்கல்லு உதுந்து போயிருக்கும். சத்தத்தக் குடிக்குது. ஆமா, சுவருதான்."

"சுவரா?"

அக்கா உள்கதவருகே நின்றிருந்தார். புர்கா போட்டு, கையில் பையோடு. கொஞ்ச நேரமாகவே நின்றிருக்க வேண்டும். பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பாயின் இடப்பக்கமாக வந்து நின்று, "சுவருன்னா திரும்பி உக்காருங்க," என்றார்.

பாய் ரெக்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு உரக்கச் சொன்னார்.

"திரும்பி உக்காருங்கன்னேன்!"

பாய் திடுக்கிட்டார். இத்தனை மாதத்தில் அக்கா அவரிடம் நேராகப் பேசியதே அவரைத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

"எதுக்கு?"

"சுவத்துல கோளாறுன்னா, நீங்க எப்டி உக்காந்தாலும் சுவத்துப் பக்கம்தான கம்மியா இருக்கணும்? திரும்புங்க."

பாய் எழுந்து ஸ்டூலைத் திருப்பினார். முகம் தெருவைப் பார்த்து, முதுகு ஸ்பீக்கர்களைப் பார்த்து உட்கார்ந்தார். நான் ஊசியை மறுபடி தொடக்கத்தில் வைத்தேன். தம்புரா. பிறகு குரல்.

"எந்தப் பக்கம் கம்மி?" என்றார் அக்கா.

பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"கைய நீட்டிக் காட்டுங்க."

இடது கை மெதுவாக எழுந்தது. அது ஜன்னல் பக்கம் நீண்டிருந்தது.

"செட்ட மாத்தியாச்சு. ஒயர மாத்தியாச்சு. பொட்டிய மாத்தியாச்சு," என்றார் அக்கா. "இப்ப ஆளையும் மாத்தியாச்சு."

பாய் கையை இறக்கவில்லை. நீட்டியபடியே வைத்திருந்தார். பாட்டு போய்க்கொண்டிருந்தது.

"உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"காதுல காத்து அடைச்சிக்கினு இருக்குதுன்னு நெனச்சேன். எண்ணெ வுட்டேன். போயிடும்னு…"

"தெரியுமான்னு கேக்கறேன்."

"காது போச்சுன்னா இந்தத் தொழில்ல என்னா மிச்சம் சாய்மா? யாரு செட்ட என் கைல குடுப்பா?"

"எப்பலேர்ந்து?"

"போன வருசம். நோம்புக்கு முன்னயே."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. ஏதோ மாதங்களை எண்ணுவதுபோல் இருந்தது.

"நான் எந்தப் பக்கம் படுக்கறேன்?"

"இது என்னா கேள்வி?"

"சொல்லுங்க."

"சுவத்துப் பக்கம்."

"நீங்க வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பீங்க. நபி அப்டித்தான் படுப்பாரு, சுன்னத்துன்னு. வருசம் பூரா அப்டித்தான். நல்ல காது தலகாணிக்குள்ள. கெட்ட காது என் பக்கம்." அவர் குரல் எழும்பவில்லை. "அதுலதான் அம்மி போற வரைக்கும் நான் பேசிக்கினு இருந்தேன்."

நான் அங்கேயிருந்து போயிருக்க வேண்டும். வாசலுக்கும் எனக்கும் நடுவில் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"நிக்காவுல பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கறாங்க," என்றார் அக்கா. "ஆம்பள பேசாம இருந்தா நான் என்னான்னு எடுத்துக்கறது? வேணாம்னுதான எடுத்துக்கணும்? அப்டித்தான் எடுத்துக்கினேன்."

"என்னா வேணாம்? சாய்மா, நீ என்னா சொல்ற?"

"அன்னிக்கு ராத்திரி நான் கேட்டேன்."

"எனக்குக் கேக்கல."

"கேட்டேன்."

"கேக்கல சாய்மா. அல்லா மேல ஆணை. கேக்கல."

"பாய்ஜான் வூட்டுல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஷூ கம்பெனிக்குப் போயிடுவாங்க. பகல்ல யாரும் இல்ல. அது தெரிஞ்சுதான் கேட்டேன். அப்புறம் நானே அம்மிக்குப் போன் பண்ணி, அவருக்கு இஷ்டமில்ல, நீ ஆம்பூருக்கே போன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன். அது சரிம்மான்னுச்சு. அங்க போயி, பகல்ல, ஒத்தையா…"

பாய் எழுந்து நின்றார்.

"திருப்பிக் கேட்டிருக்கலாம் இல்ல? என்னைய உலுக்கிக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"நீ என்னா கேட்டன்னே எனக்குத் தெரியாதே. இப்ப கேளு."

"இப்ப எதுக்கு?"

"கேளு."

அக்கா ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் வந்தார். அவர் பாயின் தோள் உயரம்கூட இருக்கமாட்டார். பாய் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். அக்கா அன்றைக்குச் சொன்ன மாதிரியே, தூக்கத்தில் எழுப்பக் கூசுகிறவர்போல, மெல்லக் கேட்டார்.

"ஏங்க. அம்மி வாலாஜாவுல ஒத்தையில கெடக்குது. நம்ம வூட்டுக்குக் கூட்டியாந்துடட்டுமா?"

பாய் யோசிக்கக்கூட இல்லை.

"கூட்டிக்கினு வா. இதுல கேக்குறதுக்கு என்னா இருக்குது?"

சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவில் கார் ஹாரன் கேட்டது. ஆம்பூரிலிருந்து அக்காவின் அண்ணன் தன்வீர். மறுபடி ஒரு தடவை அடித்தார். பாய்க்குச் சத்தம் கேட்டது, ஆனால் எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை. சமையல்கட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலை. தன் வீட்டுக்குள்ளேயே வழி கேட்கிறவர்போல நின்றார்.

அக்கா அவர் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

"அங்க இல்ல. இங்க. போயி பாய்ஜான்கிட்ட சொல்லுங்க, இன்னிக்கு வரலன்னு." பாய் நகர்ந்ததும், பின்னாலிருந்து உரக்கச் சொன்னார்: "வரலன்னு சொல்லாதீங்க. இன்னிக்கு வரலன்னு சொல்லுங்க."

பாய் செருப்பில்லாமல் இறங்கிப் போனார். அக்கா அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. நான் தூக்கி வைத்தேன்.

"தம்பி," என்றார். என்னைப் பார்க்கவில்லை. "ஒரு வருசமா அவரு மேல கோவத்த வச்சுக்கினுதான் அம்மிய நெனச்சேன். அது ஒரு புடி மாதிரி இருந்துச்சு. இனிமே எத வச்சுக்கினு நெனக்கிறது?"

ரேவதி விஷயத்தில் கோபப்படுவதற்கு எனக்கு முதலிலிருந்தே ஆள் கிடைக்கவில்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் வெளியே பாயின் குரல் கேட்டது. காரின் கண்ணாடி ஏற்றியிருக்க வேண்டும், அல்லது தன் குரல் எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார்.

"வரலன்னு இல்ல பாய்ஜான்! இன்னிக்குத்தான் வரல! வரலன்னு இல்ல!"